இடைவெளியா, நிலுவையா? கறுப்பின அமெரிக்கரின் கல்விச் சமத்துவம் குறித்த ஆய்வெழுத்துகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின மாணவரின் கல்வி நிலையை விளக்க 'அடைவு இடைவெளி' என்னும் தொடர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதற்கு மாற்றாகக் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 2006ஆம் ஆண்டு 'கல்வி நிலுவை' என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். இவ்விரு தொடர்களும் சிக்கலை எவ்வாறு வரையறுக்கின்றன, பொறுப்பை யார்மீது சுமத்துகின்றன, எத்தகைய சீர்திருத்தத்திற்கு வழிவிடுகின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஜேம்ஸ் ஆண்டர்சன், டெரிக் பெல், வனெசா சிடில் வாக்கர் ஆகியோரின் எழுத்துகள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன. நிலுவை என்னும் உருவகம் இடைவெளி என்பதைவிட வரலாற்றுக்கு நெருக்கமானது. எனினும் அது கொடுக்கப்படாததைக் கணக்கிடும் அளவிற்கு, இருந்து அழிக்கப்பட்டதைக் கணக்கிடவில்லை. நிலுவையைத் தீர்க்கும் முறையை யார் முடிவு செய்வது என்னும் வினாவையும் திறந்தே விட்டுவிடுகிறது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: கல்விச் சமத்துவம், கறுப்பின அமெரிக்கர், அடைவு இடைவெளி, கல்வி நிலுவை, பிரவுன் தீர்ப்பு, பள்ளிச் சீர்திருத்தம், கறுப்பின ஆசிரியர்.

முன்னுரை

ஒரு சமூகச் சிக்கலுக்கு இடப்படும் பெயர், அதற்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 'கறுப்பின மாணவர் வாசிப்பில் பின்தங்கியுள்ளனர்' எனத் தொடங்கும் அறிக்கையும், 'கறுப்பின மாணவருக்குச் சேரவேண்டியது சேரவில்லை' எனத் தொடங்கும் அறிக்கையும் ஒரே புள்ளிவிவரத்தை எடுத்தாளக்கூடும். ஆயினும் முன்னது மாணவரையும் அவர்தம் குடும்பத்தையும் விசாரணைக்கு அழைக்கிறது. பின்னது அரசையும் பள்ளி வாரியத்தையும் வரிமுறையையும் அழைக்கிறது. பள்ளிச் சீர்திருத்தம் எங்குத் தொடங்கும் என்பது இவ்விரண்டுள் எந்த வாக்கியம் முதலில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இக்கட்டுரையில் நான்கு எழுத்துகள் முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. அமெரிக்கக் கல்வி ஆய்வுக் கழகத்தின் தலைவராக லாட்சன்-பில்லிங்ஸ் 2006இல் ஆற்றிய 'அடைவு இடைவெளியிலிருந்து கல்வி நிலுவைக்கு' என்னும் தலைமையுரை. ஆண்டர்சனின் 'தென்மாநிலங்களில் கறுப்பினத்தாரின் கல்வி, 1860–1935' (1988) என்னும் வரலாற்று நூல். பெல் 1976இல் யேல் சட்ட இதழில் எழுதிய 'இரு எசமானர்க்கு ஊழியம்' என்னும் கட்டுரை. சிடில் வாக்கரின் 'அவர்தம் உச்ச ஆற்றல்' (1996) என்னும் நூல் ஆகியன அவை. நூல், கட்டுரைப் பெயர்கள் தமிழாக்கித் தரப்பட்டுள்ளன. இவற்றை ஒன்றோடொன்று உரையாடச் செய்வதும், அவ்வுரையாடலை ஒரு நகரத்தின் அண்மைக்கால வரலாற்றில் வைத்துச் சோதிப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இடைவெளி என்னும் அளவுகோல்

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பணித்தபடி சமூகவியலர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நடைபெற்ற ஆய்வு, 1966இல் 'கல்வி வாய்ப்புச் சமத்துவம்' என்னும் அறிக்கையாக வெளிவந்தது. ஏறத்தாழ ஆறு இலட்சம் மாணவரை உள்ளடக்கிய அவ்வாய்வு, பள்ளியின் பொருள்வளத்தைவிடக் குடும்பப் பின்புலமே மதிப்பெண்ணை மிகுதியும் விளக்குகிறது என முடிவு கூறியது. அறிக்கையின் உள்ளே இன்னும் நுண்ணிய செய்திகள் இருந்தன. ஆசிரியரின் தரம் சிறுபான்மை மாணவரிடத்தே கூடுதல் விளைவை உண்டாக்குகிறது என்பது அவற்றுள் ஒன்று. எனினும் கொள்கை வகுப்போர் நினைவில் நின்றது குடும்பம் பற்றிய முடிவேயாகும். பள்ளியில் என்ன நிகழ்கிறது என்னும் வினா, வீட்டில் என்ன குறை என்னும் வினாவாகத் திரும்பியது.

2002 சனவரியில் கையொப்பமான 'எந்தக் குழந்தையும் பின்தங்காமை' சட்டம் இடைவெளியை நாட்டின் அலுவல்முறைக் கணக்காகவே ஆக்கியது. ஒவ்வொரு பள்ளியும் தேர்வு முடிவுகளை இனவாரியாகப் பிரித்து வெளியிட வேண்டும். 2013–14 கல்வியாண்டிற்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்பன அதன் விதிகள். இச்சட்டத்தின் ஒரு நன்மையை மறுக்க இயலாது. முன்பு பள்ளியின் மொத்தச் சராசரிக்குப் பின்னால் மறைந்திருந்த கறுப்பின மாணவரின் நிலை வெளிச்சத்திற்கு வந்தது. மறைப்பதற்கு இடம் தராத கணக்கு எந்தச் சீர்திருத்தத்திற்கும் தேவை.

ஆயினும் இவ்வளவுகோலில் மூன்று குறைபாடுகள் உள்ளன. முதலாவது, வெள்ளையின மாணவரின் சராசரி, வினாவுக்கு உட்படாத அளவையாக நின்றுவிடுகிறது. அச்சராசரி வீழ்ந்தாலும் இடைவெளி குறையும். கறுப்பின மாணவர் எதுவும் கூடுதலாகக் கற்றிருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, இடைவெளி காலமற்றது. தேர்வு நடந்த நாளின் நிழற்படத்தை அது தருகிறதேயன்றி, அந்நிலைக்கு இட்டுவந்த பாதையைக் காட்டுவதில்லை. மூன்றாவது, அது உறவற்றது. இரு குழுக்கள் இரு உயரங்களில் நிற்பதாகக் காட்டும். ஒரு குழுவின் உயரத்திற்கு மற்றதன் வரிப்பணம் பயன்பட்டதா என்று கேட்காது. தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டின் நெடுங்காலத் தரவுகளில், 1970களிலும் 1980களிலும் வாசிப்பு இடைவெளி கணிசமாகக் குறைந்து, பின்னர் அப்போக்குத் தடைப்பட்டது. குறைந்தது எதனால், தடைப்பட்டது எதனால் என்னும் வினாக்களுக்கு இடைவெளி என்னும் சொல்லுக்குள் விடை இல்லை.

நிலுவை என்னும் உருவகம்

லாட்சன்-பில்லிங்ஸ் தம் உருவகத்தை அரசு நிதியிலிருந்து எடுக்கிறார். ஓர் ஆண்டில் வரவை மிஞ்சும் செலவு பற்றாக்குறை. ஆண்டுதோறும் சேர்ந்த பற்றாக்குறைகளின் மொத்தம் கடன். ஓர் ஆண்டின் வரவு செலவைச் சரிக்கட்டிவிட்டாலும் பழங்கடனும் அதன் வட்டியும் அப்படியே இருக்கும். அடைவு இடைவெளி என்பது ஆண்டுப் பற்றாக்குறையைப் போன்றது. அதன் அடியில் தலைமுறைகளாகச் சேர்ந்த நிலுவை கிடக்கிறது என்பது அவர் வாதம். அந்நிலுவையை வரலாறு, பொருளாதாரம், சமூக அரசியல், அறம் என நான்கு கூறுகளாக வகுக்கிறார்.

இக்கூறுகளை வெறும் வகைப்பாடாகக் கொள்ளாமல் சான்றுகளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். தென் கரோலினாவின் 1740ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. விடுதலைக்குப் பின்னரும் நிலை சீராகவில்லை. சார்சியா மாநிலத்தின் ரிச்மண்ட் மாவட்டப் பள்ளி வாரியம், தொடக்கப் பள்ளிகளுக்குப் பணம் தேவை எனக் கூறிக் கறுப்பின மாணவருக்கென இருந்த உயர்நிலைப் பள்ளியை மூடியது. வெள்ளையின மாணவரின் உயர்நிலைக் கல்விக்கான ஆதரவைத் தொடர்ந்தது. 1899இல் உச்ச நீதிமன்றம் அவ்வாரியத்தின் செயலில் தலையிட மறுத்தது. அத்தீர்ப்பை எழுதியவர், மூன்றாண்டுகளுக்கு முன் பிளெசி வழக்கில் பிரிவினையை எதிர்த்துத் தனித்து நின்ற நீதிபதி ஆர்லன் என்பது எண்ணத்தக்கது. 'பிரித்தாலும் சமம்' என்னும் கோட்பாட்டில் 'சமம்' என்னும் பாதி தொடக்கத்திலேயே செல்லாக்காசாகியிருந்தது.

பொருளாதார நிலுவையின் ஆழத்தை ஆண்டர்சனின் நூல் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 1910களிலிருந்து 1932 வரை தென்மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 'ரோசன்வால்டு பள்ளிகள்' கட்டப்பட்டன. சிகாகோ வணிகர் சூலியஸ் ரோசன்வால்டின் கொடை என்றே பொதுவரலாறு இவற்றைக் குறிக்கிறது. கணக்கேடு வேறு செய்தி தருகிறது. ரோசன்வால்டு நிதி அளித்தது ஏறத்தாழ 44 இலட்சம் டாலர். கறுப்பின மக்கள் தாமே திரட்டியளித்தது ஏறத்தாழ 47 இலட்சம் டாலர். குத்தகை உழவரும் கூலித் தொழிலாளரும் நிறைந்த ஒரு சமூகம், பெருவணிகர் ஒருவரின் அறக்கொடையை விஞ்சியிருக்கிறது. இவர்கள் ஏற்கெனவே அரசுக்கு வரி செலுத்தியவர்கள். அவ்வரி வெள்ளையினப் பள்ளிகளுக்குச் சென்றுவிட்டதால், தம் பிள்ளைகளின் பள்ளிக்காக இரண்டாம் முறை பணமும் நிலமும் உழைப்பும் தந்தனர். ஆண்டர்சன் இதனை 'இரட்டை வரி' என்கிறார். 'கறுப்பினக் குடும்பங்கள் கல்வியை மதிப்பதில்லை' என்னும் பழிச்சொல்லுக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை.

இந்நிலுவை பழங்கதையன்று. 1973இல் சான் அன்டோனியோ வழக்கில், கல்வி கூட்டரசு அரசமைப்பின்கீழ் அடிப்படை உரிமையன்று என்றும், சொத்துவரியைச் சார்ந்த பள்ளி நிதிமுறை செல்லும் என்றும் உச்ச நீதிமன்றம் 5–4 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் டெட்ராயிட் நகரம் பற்றிய மில்லிகன் வழக்கில், நகரப் பள்ளிகளையும் புறநகர்ப் பள்ளிகளையும் இணைக்கும் தீர்வை அதே 5–4 பெரும்பான்மை மறுத்தது. முதல் தீர்ப்பு பணத்தை எல்லைக்குள் நிறுத்தியது. இரண்டாவது மாணவரை எல்லைக்குள் நிறுத்தியது. இவற்றின் விளைவைத் தலைமையுரை ஓர் ஒப்பீட்டால் உணர்த்துகிறது: மாணவர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குச் சிகாகோ நகரம் செலவிட்டது ஏறத்தாழ 8,500 டாலர், அருகமைந்த ஐலண்டு பார்க் புறநகர் செலவிட்டது ஏறத்தாழ 17,300 டாலர். முன்னதில் பெரும்பான்மையர் கறுப்பின, இலத்தீன மாணவர்; பின்னதில் வெள்ளையின மாணவர்.

சொல்லாக்கச் சிக்கல்

இக்கருத்தாக்கத்தைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் முதலில் நாடும் சொல் 'கல்விக் கடன்' என்பதாகும். ஆனால் இன்றைய தமிழில் அச்சொல் வங்கியில் மாணவர் பெறும் கடனையே குறிக்கும். அதில் கடனாளி மாணவர்; பெற்றோர் பிணைதாரர். லாட்சன்-பில்லிங்ஸின் கருத்தில் மாணவரே கடன் கொடுத்தவர், நாடே கடனாளி. எனவே நேர்ப்பெயர்ப்பு பொருளைத் தலைகீழாக்கிவிடும். செலுத்தப்பட வேண்டிய நாளில் செலுத்தப்படாமல் நிற்பதைக் குறிக்கும் 'நிலுவை' என்னும் சொல் இங்கு ஆளப்படுவது இதனாலேயே.

எனினும் 'கடன்' என்னும் சொல்லை முற்றும் விலக்கிவிடுதலும் இழப்பே. பழந்தமிழில் அது கடமையையும் குறித்தது. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (312) தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையை அச்சொல்லாலேயே வரிசைப்படுத்துகிறது. ஒரு பிள்ளையை ஆளாக்குவதில் குடும்பத்துக்கு மட்டுமன்றி அரசுக்கும் பங்குண்டு என்னும் எண்ணம் அவ்வரிசையில் பொதிந்துள்ளது. தலைமையுரையின் நான்காம் கூறாகிய அறநிலுவை இப்பழம்பொருளுக்கு நெருக்கமானது: தான் சரியென அறிந்ததற்கும் தான் செய்ததற்கும் இடையே ஒரு நாடு விட்டுவைத்த தொலைவு அது. தமிழ்ச் சொல்லின் இருபொருளும் ஒருங்கே நினைக்கப்படும்போதுதான் கருத்தாக்கம் முழுமை பெறும்.

கணக்கில் வராத இழப்பு

நிலுவை என்னும் உருவகத்தின் எல்லை இனித் தோன்றுகிறது. கொடுக்கப்படாததையே நிலுவை அளக்கும். கறுப்பினத்தார் தாமே ஆக்கி வைத்திருந்து, சீர்திருத்தத்தின் பெயராலேயே பறிக்கப்பட்டதை அது எவ்வாறு அளக்கும்?

சிடில் வாக்கரின் நூல் இவ்வினாவை எழுப்புவதற்கான களம். வட கரோலினாவின் காஸ்வெல் மாவட்டத்தில் கறுப்பின மாணவருக்கென இயங்கிய ஒரு பள்ளியின் வரலாற்றை, 1934 முதல் 1969 வரை, ஆவணங்களையும் நேர்காணல்களையும் கொண்டு அவர் எழுதுகிறார். பிரிவினைக் காலத்துக் கறுப்பினப் பள்ளி என்றவுடன் ஒழுகும் கூரையும் வெள்ளையினப் பள்ளி கழித்துவிட்ட பாடநூலும் நினைவுக்கு வரும். அவ்வறுமை உண்மையே; நூல் அதனை மறைக்கவில்லை. ஆனால் அதே கட்டடத்திற்குள் வேறொன்றும் இருந்தது. நிக்கலஸ் தில்லர்டு என்னும் தலைமையாசிரியர் பெற்றோருக்கும் வெள்ளையினப் பள்ளி வாரியத்திற்கும் இடையே நின்று பேரம் பேசினார். பெற்றோர்–ஆசிரியர் கழகம் பள்ளிக்குப் பொருள் திரட்டியது. ஆசிரியர் மாணவரின் வீட்டையும் தேவாலயத்தையும் அறிந்திருந்தனர். மாணவர்மீது கொண்ட அக்கறை தனி ஆசிரியரின் இயல்பாக மட்டுமன்றிப் பள்ளியின் அமைப்பாகவே இருந்தது என்பது நூலின் மையக் கண்டறிதல்.

1954இல் பிரவுன் தீர்ப்பு, பிரிவினை கறுப்பினக் குழந்தையின் உள்ளத்தில் தாழ்வுணர்ச்சியை விதைக்கிறது என்னும் அடிப்படையில் அமைந்தது. தீர்ப்பு நேர்மையானது, தேவையானது. எனினும் அதன் தருக்கத்தில் ஒரு வழுக்கல் உண்டு. பிரிவினைச் சட்டம் இழிவானது என்பதிலிருந்து, அச்சட்டத்தின்கீழ் இயங்கிய கறுப்பினப் பள்ளியும் ஆசிரியரும் இழிந்தவர் என்னும் முடிவுக்கு நிருவாகங்கள் எளிதில் நழுவின. வழக்கின் பிறப்பிடமாகிய டொபீகா நகரிலேயே, தீர்ப்பு வருவதற்கு ஓராண்டு முன்னர், பிரிவினை நீங்கின் வெள்ளையினக் குழந்தைகளுக்குக் கறுப்பின ஆசிரியரை நகரத்தார் விரும்பமாட்டார் எனக் கருதி, கறுப்பின ஆசிரியரின் பணி புதுப்பிக்கப்படாது எனப் பள்ளி நிருவாகம் கடிதம் எழுதியது. 1954க்கும் 1965க்கும் இடையில் தென் மற்றும் எல்லை மாநிலங்கள் பதினேழில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியரும் பள்ளித் தலைவரும் பணியிழந்தனர் என்பது ஆய்வுலகில் பெரிதும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. மாணவர் இணைந்தனர், ஆசிரியர் நீக்கப்பட்டனர். கட்டடங்கள் பல மூடப்பட்டன அல்லது தரமிறக்கப்பட்டன.

இதனை நிலுவை என்பது பொருந்தாது. பறிமுதல் என்பதே பொருந்தும். பிரவுன் தீர்ப்புக்குக் கறுப்பினத்தார் கொடுத்த விலையைப் பற்றி லாட்சன்-பில்லிங்ஸே 2004இல் தனியே எழுதியிருக்கிறார். ஆயின் 2006 உரையின் நான்கு கூறுகளுள் அவ்விலை ஒரு தனித்தலைப்பாக இடம்பெறவில்லை. இதன் விளைவு சிறிதன்று. கொடுக்கப்படாதது மட்டுமே பேசப்படும்போது, கறுப்பினச் சமூகம் பெறுநர் நிலையிலேயே நிற்கிறது. பறிக்கப்பட்டதும் பேசப்படும்போது, அச்சமூகம் கல்விமுறை ஒன்றை ஆக்கியளித்த ஆற்றலோடு நிற்கிறது.

எசமானர் யார்?

டெரிக் பெல் தேசிய முன்னேற்றக் கழகத்தின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் வழக்கறிஞராக நூற்றுக்கணக்கான பள்ளி இணைப்பு வழக்குகளை மேற்பார்வையிட்டவர். தாம் நடத்திய வழக்குகளையே மறுவாசிப்புக்கு உட்படுத்தும் அவர் கட்டுரை, வழக்கறிஞருக்கு இரு எசமானர் இருந்தனர் என்கிறது: ஒருவர் வழக்குத் தொடுத்த பெற்றோர், மற்றவர் இன இணைப்பு என்னும் இலட்சியமும் அதற்குப் பொருளுதவிய கொடையாளரும். இவ்விருவரின் விருப்பமும் வேறுபட்டபோது, பெற்றோரின் குரல் தாழ்ந்தது. 1973இல் அட்லாண்டாவில் உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்கள், முழு இணைப்புக் கோரிக்கையைத் தளர்த்தி, அதற்கு ஈடாகக் கண்காணிப்பாளர் பதவி உள்ளிட்ட நிருவாகப் பொறுப்புகளைக் கேட்டுப் பெற்றனர். கழகத்தின் தேசியத் தலைமை அவ்வுடன்பாட்டைக் கண்டித்து உள்ளூர்க் கிளையின்மீது நடவடிக்கை எடுத்தது. பாஸ்டனிலும் கறுப்பினக் குழுக்கள் கல்வித் தரத்தையே முதன்மையாக வைக்குமாறு நீதிமன்றத்தை வேண்டின என்பதைப் பெல் பதிவு செய்கிறார்.

பிரின்சு எட்வர்டு மாவட்டத்தின் வரலாறு இவ்வாதத்திற்கு மேலும் வலுச் சேர்க்கிறது. 1951 ஏப்ரலில் பதினாறு வயது பார்பரா சான்ஸ் தலைமையில் மோட்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர் வகுப்புகளைப் புறக்கணித்தனர். 180 பேருக்காகக் கட்டப்பட்ட பள்ளியில் 450க்கும் மேற்பட்டோர் படித்தனர். மிகுந்தோர் தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் அமர்ந்தனர். அவர்கள் கேட்டது நல்லதொரு பள்ளிக் கட்டடம். பிரிவினையையே எதிர்த்து வழக்காடினால்தான் உதவ இயலும் என வழக்கறிஞர் கூற, மாணவரும் பெற்றோரும் கூடி இசைந்தனர். அவ்வழக்குப் பிரவுன் வழக்கோடு இணைக்கப்பட்டு வென்றது. அதன்பின் நிகழ்ந்ததோ கொடுமை: இணைப்பைத் தவிர்க்க 1959இல் மாவட்டம் தன் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையின மாணவருக்குத் தனியார் பள்ளி ஏற்பட்டது. கறுப்பின மாணவர் பலருக்கு 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை ஐந்தாண்டுகள் முறையான பள்ளியே இல்லை. 2004இல் வர்சீனியா மாநிலம் அவ்வாறு பள்ளியிழந்தோர்க்கென உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. நிலுவை என்பது வெறும் அணியன்று, பெயர்ப் பட்டியலிட்டுத் தீர்க்கக்கூடிய கணக்கு என்பதற்கு இத்திட்டம் சான்று. நாற்பதாண்டு கழித்துத் தரப்படும் தொகை பதின்பருவத்தை மீட்டுத் தராது என்பதற்கும் அதுவே சான்று.

இச்சிந்தனைக்கு முன்னோடிகள் உண்டு. கார்ட்டர் உட்சன் 1933இல் எழுதிய 'பிறழ்கல்வி' பற்றிய நூல், பள்ளி கிடைப்பதோடு சிக்கல் தீராது, அப்பள்ளி கறுப்பின மாணவருக்குத் தன்னையே இழிவாகக் கருதக் கற்பித்தால் கல்வியே தளையாகும் என வாதிட்டது. 1935இல் டு பாய்ஸ், கறுப்பினத்தாருக்கு வேண்டுவது பிரிந்த பள்ளியா கலந்த பள்ளியா என்னும் வினாவைவிடக் கல்வியே முதன்மையானது எனவும், பரிவில்லாத ஆசிரியரும் பகை நிறைந்த சூழலும் கொண்ட கலப்புப் பள்ளியைவிட நல்ல தனிப்பள்ளி மேல் எனவும் எழுதினார். பெல்லும் சிடில் வாக்கரும் இம்மரபை மீட்டெடுத்தவர்கள் எனலாம்.

மறுதரப்பு

இம்மீட்டெடுப்பை அப்படியே ஏற்பதற்கும் தடைகள் உள்ளன. சிடில் வாக்கரின் நூல் ஒரு பள்ளியைப் பற்றியது. அதுவும் நன்முறையில் இயங்கியது எனத் தெரிந்து தேர்ந்துகொள்ளப்பட்ட பள்ளி. முன்னாள் மாணவரின் நினைவில் இளமை இனிமையாகவே தோன்றும். இடையில் பள்ளியை விட்டு நின்றோரின் குரல் நேர்காணல்களில் எளிதில் கிட்டாது. எனவே ஒரு காஸ்வெல்லைக் கொண்டு பிரிவினைக் காலத்தையே பொற்காலமாக்குதல் முறையன்று. நூலாசிரியர் அவ்வாறு செய்யவில்லை; அவரை மேற்கோள் காட்டுவோர் சிலரே செய்கின்றனர்.

பொருளியலர் ரக்கர் சான்சனின் 'கனவின் குழந்தைகள்' (2019) இங்கு முதன்மை பெறுகிறது. 1968 முதல் குடும்பங்களைத் தொடர்ந்துவரும் தரவுத் தொகுப்பொன்றைக் கொண்டு, இணைக்கப்பட்ட பள்ளிகளில் கூடுதல் ஆண்டுகள் பயின்ற கறுப்பினக் குழந்தைகள் பிற்காலத்தில் கூடுதல் கல்வியும் வருவாயும் உடல்நலமும் பெற்றனர் என்று அவர் காட்டுகிறார். இதற்குக் காரணம் வெள்ளையின மாணவரின் அருகில் அமர்ந்தது மட்டுமன்று. இணைப்போடு ஒரு மாணவருக்கான செலவு உயர்ந்தது. வகுப்பின் அளவு குறைந்தது. ஆகவே சான்சனின் முடிவு பெல்லை மறுப்பதுபோல் தோன்றினும், ஆழ்ந்து நோக்கின் நிலுவை வாதத்தையே உறுதி செய்கிறது: செலுத்தப்பட்ட அளவுக்குப் பயன் விளைந்தது. இவ்விரு தரப்பையும் இணைத்துப் பார்ப்பின் கிடைக்கும் முடிவு இது: இணைப்பு வளத்தைக் கொணர்ந்தது, அது நிறைவேற்றப்பட்ட முறை ஆசிரியரையும் பெற்றோரின் அதிகாரத்தையும் அழித்தது. முன்னதற்குப் பின்னது தேவையான விலையன்று. இரண்டும் ஒருங்கே வந்தது வரலாற்று நேர்ச்சி. அன்றைய அதிகாரத்தார் செய்துகொண்ட தேர்வு.

நியூ ஆர்லியன்சு: ஒரு சோதனை

அதே தேர்வு ஐம்பதாண்டுகளுக்குப் பின் மீண்டும் நிகழ்ந்தது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின்னர், லூசியானா மாநிலம் நியூ ஆர்லியன்சின் பெரும்பான்மைப் பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. படிப்படியாக அவை தன்னாட்சிச் சாசனப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. நகரப் பள்ளி வாரியத்தின் பணியாளர் 7,000க்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். புயலுக்கு முன் ஆசிரியருள் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் கறுப்பினத்தார். 2014க்குள் அது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மாணவருள் மிகப் பெரும்பான்மையர் தொடர்ந்து கறுப்பினத்தாரே.

இடைவெளி என்னும் அளவுகோலால் அளந்தால் இது வெற்றி. புயலுக்கு முன் நகரப் பள்ளிகள் ஊழலாலும் தோல்வியாலும் நலிந்திருந்தன. பின்னர்த் தேர்வு மதிப்பெண்ணும் பள்ளி நிறைவு விழுக்காடும் உயர்ந்தன என்பதைத் துலேன் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டியுள்ளனர். அவ்வுயர்வைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. அது குழந்தைகளின் வாழ்வில் நிகழ்ந்த உயர்வு. நிலுவை என்னும் அளவுகோலால் அளந்தால், கூடுதல் நிதி வந்தது என்னும் அளவில் பாதி வெற்றி. பறிமுதல் என்னும் மூன்றாம் அளவுகோலைக் கொண்டால்தான் முழுக்காட்சி தெரிகிறது. கறுப்பின நடுத்தர வகுப்பின் முதுகெலும்பாக இருந்த ஆசிரியர் சமூகம் கலைக்கப்பட்டது. வாக்களித்துத் தேர்ந்த வாரியத்திடமிருந்து முடிவெடுக்கும் உரிமை அகன்றது. பிள்ளைக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்குக் கிடைத்தது, பள்ளி எவ்வாறு இயங்க வேண்டும் எனத் தீர்மானிக்கும் உரிமை கிடைக்கவில்லை. தேர்வு உரிமையும் ஆளும் உரிமையும் வேறு வேறு.

ஆசிரியர் இழப்பை உணர்வுநிலைச் செய்தியாகக் கருதிவிடலாகாது. வட கரோலினாத் தரவுகளைக் கொண்டு கெர்சன்சன் முதலானோர் செய்த ஆய்வு, மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கறுப்பின ஆசிரியரிடமேனும் பயின்ற, மிக வறிய குடும்பத்துக் கறுப்பினச் சிறுவர் பள்ளியை இடையில் நிறுத்தும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைந்தது எனக் காட்டுகிறது. எனவே இடைவெளியைக் குறைக்க விழைவோர்க்கும் ஆசிரியர் பணிநீக்கம் ஆதாயமாகாது. சிடில் வாக்கர் நேர்காணல்களால் சொன்னதையே இவ்வாய்வு எண்களால் சொல்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு. அடைவு இடைவெளி என்னும் தொடர் மறைந்திருந்ததை வெளிக்கொணர்ந்த கருவி என்னும் அளவில் பயனுடையது. காரணத்தையும் பொறுப்பையும் சொல்ல வல்லதன்று. கல்வி நிலுவை என்னும் கருத்தாக்கம் காலத்தையும் உறவையும் மீட்டெடுக்கிறது. கடனாளி யார் என்பதைத் திருத்திச் சொல்கிறது. ஆயினும் அக்கணக்கேடு முழுமை பெற மூன்று பத்திகள் தேவை: கொடுக்கப்படாதது, இருமுறை வாங்கப்பட்டது, இருந்து பறிக்கப்பட்டது. முதலாவதைத் தலைமையுரையும், இரண்டாவதை ஆண்டர்சனும், மூன்றாவதைச் சிடில் வாக்கரும் நிரப்புகின்றனர்.

பெல்லின் எழுத்து இக்கணக்கேட்டிற்கு வெளியே நின்று வேறொன்றைக் கேட்கிறது: தீர்ப்பவர் தீர்க்கும் முறையை யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்? கடன் கொடுத்தவரைக் கேளாமல், கடனாளியே தொகையையும் தவணையையும் குறித்துக்கொள்ளும் தீர்வை எந்தச் சந்தையும் ஏற்பதில்லை. பள்ளிச் சீர்திருத்தத்தில் மட்டும் அது இயல்பாக நடந்து வந்திருக்கிறது. 1950களின் டொபீகாவிலும் 2005இன் நியூ ஆர்லியன்சிலும் கறுப்பினப் பெற்றோரும் ஆசிரியரும் பயனாளிகளாக எண்ணப்பட்டனர், உரியவர்களாக எண்ணப்படவில்லை. ஒரு சீர்திருத்தத்தின் மதிப்பீட்டில் மதிப்பெண் உயர்வோடு, ஆசிரியருள் எத்தனைபேர் நிலைத்தனர், முடிவெடுக்கும் அவையில் பெற்றோர் எத்தனைபேர் அமர்ந்தனர் என்பனவும் பதியப்பட வேண்டும். அவை இல்லாத மதிப்பீடு, வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத ஏடாகவே அமையும்.